கேமிங் லேப்டாப் பத்தே நிமிஷத்துல திணறுதா? எல்லாத்தையும் 'லோ'ல தள்ளாதீங்க... முதல்ல இதைப் பாருங்க!

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில், ஷீட் போட்ட ஒரு மாடி அறை. மே மாத மதியம். லாஸ்பேட்டையில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு மாணவர், வீட்டில் தவணை போட்டு வாங்கிக் கொடுத்த கேமிங் லேப்டாப்பில் ஜிடிஏ 5 விளையாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து நிமிடம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அப்புறம் ஃபேன் இரைகிறது, படம் வெட்டி வெட்டி வருகிறது. செட்டிங்ஸுக்குப் போய் எல்லாவற்றையும் 'லோ'வில் தள்ளியும் அதே கதைதான். "இந்த லேப்டாப்பே வேஸ்ட்டுப்பா, மாத்தணும்" என்கிறார்கள் நண்பர்கள்.

தவணையே இன்னும் முடியவில்லை. கல்லூரி புராஜெக்ட்டுக்கும் இதே லேப்டாப்தான். உண்மையிலேயே மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் தேவைப்படாது. திணறுவது கிராபிக்ஸ் சிப்பா, பிராசஸர்-ரேம் பக்கமா, இல்லை வெறும் சூடா என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சார்ஜரைச் செருகுங்கள். பேட்டரியில் ஓடினால் எந்த கேமிங் லேப்டாப்பும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் ஓடும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் இரண்டு ஜிபியு தெரியும். ஒன்று பிராசஸரோடு வரும் சாதாரண சிப், இன்னொன்று நீங்கள் காசு கொடுத்து வாங்கிய என்விடியாவோ ஏஎம்டியோ. சில சமயம் கேம் அந்தச் சாதாரண சிப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும்! விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் உள்ள 'கிராபிக்ஸ்' பக்கத்தில் அந்த கேமைத் தேர்ந்தெடுத்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுத்தால் வேலை முடிந்தது.

அது சரியாக இருந்து, கிராபிக்ஸ் சிப்பின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் சுமை அதன் மேல்தான். அப்போதுதான் கேம் செட்டிங்ஸில் கை வைக்க வேண்டும்.

எதைக் குறைக்கலாம், எதை விடலாம்?

இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள். முதல் வேலையாக 'டெக்ஸ்ச்சர்' தரத்தைக் குறைப்பார்கள். சுவர், சாலை, முகம் எல்லாம் களிமண் பூசியது போல ஆகிவிடும். வேகமோ அவ்வளவாகக் கூடாது. டெக்ஸ்ச்சருக்குத் தேவை வீடியோ மெமரியில் இடம். ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 2050 லேப்டாப்களில் அது 4 ஜிபி. அதற்குள் அடங்கும்வரை டெக்ஸ்ச்சரைத் தாராளமாக வைக்கலாம். 4 ஜிபியைத் தாண்டினால்தான் திடீர் திடீரென்று நின்று நின்று ஓடும். ஜிடிஏ 5 செட்டிங்ஸில் மேலேயே ஒரு மெமரி பட்டை இருக்கிறது, அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

உண்மையில் வேகத்தைத் தின்பவை நிழல், பிரதிபலிப்பு, மூடுபனி, எம்எஸ்ஏஏ போன்றவை. 2015-ல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5 பதிப்பில் 'கிராஸ்' என்று ஒன்று உண்டு, அதாவது புல். ஊருக்குள் கார் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. காட்டுப்பக்கம் திரும்பினால் மெஷின் மூச்சு வாங்கும். அதை 'நார்மல்' ஆக்கி, எம்எஸ்ஏஏவை அணைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே இடத்தில் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

அப்படியும் போதவில்லையா? 1920-க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். 1280-க்கு 720 என்றால் 9,21,600, பாதிக்கும் குறைவு. எஃப்எஸ்ஆர், டிஎல்எஸ்எஸ் இரண்டும் 'குவாலிட்டி' நிலையில் செய்வது இதைத்தான்: 720-ல் வரைந்து 1080-க்குப் பெரிதாக்குவது. நேரடியாக ரெசல்யூஷனைக் குறைப்பதைவிடப் படம் தெளிவாக இருக்கும். டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் சிப்களுக்கு மட்டும். எஃப்எஸ்ஆர், அந்த வசதி உள்ள கேம்களில் 1650-லும் ஓடும்.

ஜிபியு 60 சதவீதத்திலேயே நின்றும் திணறினால்?

கிராபிக்ஸைக் குறைத்துப் பயனில்லை. வாலரன்ட் போன்ற கேம்கள் பிராசஸரைத்தான் அதிகம் நம்புகின்றன. பின்னணியில் பிரவுசரில் இருபது டேப் திறந்திருந்தால் மூடுங்கள். 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்து, இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால், அதே வகையில் இன்னொரு 8 ஜிபி போடுவது புது லேப்டாப்போடு ஒப்பிட்டால் சின்னச் செலவு. இரண்டு ஸ்டிக் சேர்ந்தால் தகவல் போய்வரும் பாதையும் இரண்டாகிறது.

பத்து நிமிடம் கழித்துத்தான் திணறுகிறதா?

சூடு! எந்த லேப்டாப்பும் அறையில் இருக்கும் காற்றை இழுத்துத்தான் குளிர்கிறது. அறை 26-லிருந்து 36 டிகிரி ஆனால், அதே வேலைக்குச் சிப்பும் ஏறக்குறைய 10 டிகிரி கூடுதலாகச் சுடும். எல்லையைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். (கடலோரப் புழுக்கம் நமக்குத்தான் பிரச்னை, லேப்டாப்புக்கு வியர்க்காது.)

இதற்கு நல்ல மருந்து ஃப்ரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது. 144 ஹெர்ட்ஸ் திரை என்பதால் கேம் 100 ஃப்ரேமைத் தாண்டி ஓட முயலும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'மேக்ஸ் ஃப்ரேம் ரேட்'டை 60-ல் நிறுத்துங்கள். ஒவ்வொரு ஃப்ரேமையும் முடிக்க 16.7 மில்லி நொடி கிடைக்கும். முன்னதாக முடித்தால் சிப் ஓய்வெடுக்கும். ஒன்றரை மணி நேரம் ஒரே சீராக வரும் 60, பத்து நிமிடம் மட்டும் வரும் 100-ஐவிட விளையாட எவ்வளவோ மேல்.

மெத்தை மேல் வைக்காதீர்கள், பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். ஒரு வருடம் ஆகியிருந்தால் ஃபேனில் தூசி அடைத்திருக்கும், சர்வீஸில் சுத்தம் செய்யச் சொல்லலாம். வாரன்டி காலத்தில் பின்மூடியை நீங்களே திறப்பதற்கு முன், திறந்தால் வாரன்டி போய்விடுமா என்று அந்த நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.