உங்களுக்குத் தெரியுமா? ஆங்கிலத்தில் இடம்தான் இலக்கணம்

ஒரே ஒரு வினையடை இடம் மாறியதால் அமெரிக்க அதிபர் ஒருவர் இரண்டு முறை உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. 2009 ஜனவரி 20 அன்று பராக் ஒபாமாவுக்கு உறுதிமொழியைச் சொல்லிக்கொடுத்தவர் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். 'ஐ வில் ஃபெயித்ஃபுலி எக்ஸிக்யூட்' என்பதுதான் அரசமைப்புச் சட்டத்தில் உள்ள வரிசை. தாளைப் பார்க்காமல் மனப்பாடமாகச் சொன்ன ராபர்ட்ஸ், 'ஃபெயித்ஃபுலி'யை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிவிட்டார். ஒபாமா 'எக்ஸிக்யூட்' என்ற சொல்லோடு நின்றுவிட்டார். பொருள் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஆனாலும் பின்னால் யாரும் கேள்வி எழுப்பிவிடக் கூடாதே! மறுநாள் மாலை வெள்ளை மாளிகையின் மேப் ரூமில் அதே நீதிபதி, அதே உறுதிமொழி. இந்த முறை நிதானமாக.

மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் இதற்கு ஒரு காரணம் சொன்னார். துணைவினைக்கும் வினைக்கும் நடுவே வினையடை வரக் கூடாது என்று சில ஆங்கில ஆசிரியர்கள் காலம்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்தப் பாடம் ராபர்ட்ஸின் நாக்கைப் பிடித்து இழுத்திருக்கலாம் என்பது அவர் கணிப்பு.

இந்த விதிக்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு: 'டு'வுக்கும் வினைக்கும் நடுவே எதையும் நுழைக்கக் கூடாது என்பது. கேன்டர்பரி டீனாக இருந்த ஹென்றி ஆல்ஃபர்ட் 1864-ல் வெளிவந்த தன் நூலில் அப்படி நுழைப்பதைக் கண்டித்தார். 1966-ல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரோ தன் முகவுரையிலேயே 'டு'வுக்கும் 'கோ'வுக்கும் நடுவே 'போல்ட்லி'யை உட்காரவைத்து உலகப் புகழ் பெற்றது. காதுக்கும் அதுதான் இயல்பாக இருக்கிறது. இந்த இரண்டு விதிகளையும் நம் பிள்ளைகள் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

ஏற்ற வேண்டிய விதி வேறு. வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே வினையடை வருவதை ஆங்கிலம் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளாது. 'ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்' சரி. 'ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்' தவறு. தமிழில் 'நன்றாக ஆங்கிலம் பேசுவாள்', 'ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள்' இரண்டும் செல்லும் என்பதால் நமக்கு இது சட்டென்று உறைப்பதில்லை.

ஊர் சுற்றும் 'ஒன்லி'

'ஐ கேவ் ராமு டென் ருபீஸ்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'ஒன்லி'யை முதலில் வைத்தால், கொடுத்தது நான் மட்டும், வேறு யாரும் கொடுக்கவில்லை. ராமுவுக்கு முன்னால் வைத்தால், ராமுவுக்கு மட்டும் கிடைத்தது. 'டென்'னுக்கு முன்னால் வைத்தால், பத்தே ரூபாய். 'கேவ்'வுக்கு முன்னால் வைத்தால்? அங்கேதான் சங்கடம். ஆங்கிலேயர்கள் பேச்சில் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் 'ஒன்லி'யை வைக்கிறார்கள். பிறகு எந்தச் சொல்லைக் குறிக்கிறார்களோ அதைக் குரலில் அழுத்துகிறார்கள். எழுத்தில் குரல் ஏது? அதனால்தான் ஒப்பந்தம், விளம்பரம், தேர்வுத்தாள் எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தமிழில் இந்தக் குழப்பம் குறைவு. 'மட்டும்', 'தான்', ஏகாரம் மூன்றும் தாம் குறிக்கும் சொல்லை ஒட்டியே நிற்கும்.

'ஷி இஸ் ஹியர் ஒன்லி' என்று நாம் சொல்வது இங்கிருந்து வந்ததே. 'இங்கேதான் இருக்கிறாள்' என்பதில் உள்ள 'தான்' வேலையை 'ஒன்லி' தலையில் கட்டிவிடுகிறோம். இந்திய ஆங்கிலத்தில் அது ஊன்றிப்போன வழக்கு. வெளியூர்க்காரருக்கு 'இங்கே மட்டும்' என்று கேட்கும், அவ்வளவே.

உழைப்பாளியா, சோம்பேறியா?

'ஹி வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறார். 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் கிட்டத்தட்ட வேலையே செய்வதில்லை என்று அர்த்தம். பரிந்துரைக் கடிதத்தில் இது புரண்டால் வேலை போய்விடும். 'லி' என்று முடிந்தால் வினையடை என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது: 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி' இரண்டும் பெயரடைகள். 'லி' இல்லாமலே வினையடையாக வேலை செய்கிறது 'ஃபாஸ்ட்'. ஆப்பிள் நிறுவனம் 1997-ல் 'திங்க் டிஃபரென்ட்' என்று விளம்பரம் செய்தபோது, 'டிஃபரென்ட்லி' என்றல்லவா இருக்க வேண்டும் என்று இலக்கணப் பிரியர்கள் கொதித்தார்கள்.

யாருடைய நாய்?

'த மேன் நெக்ஸ்ட் டோர்ஸ் டாக்'. உடைமையைக் காட்டும் 'எஸ்' ஒட்டியிருப்பது கதவில். நாயோ பக்கத்து வீட்டுக்காரருடையது! ஆங்கிலத்தின் இந்த 'எஸ்' நம் வேற்றுமை உருபைப் போல ஒரு பெயரோடு நிற்பதில்லை. மொத்தத் தொடரின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். எப்போதும் இப்படி இருக்கவில்லை. சாசர் எழுதிய 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'இங்கிலாந்து அரசரின் மகள்' என்பதை 'த கிங்ஸ் டாட்டர் ஆஃப் இங்கிலண்ட்' என்கிற வரிசையில் சொல்வதே வழக்கம். 'எஸ்' அரசரை விட்டு நகரவில்லை. பிறகுதான் 'த கிங் ஆஃப் இங்கிலண்ட்ஸ் டாட்டர்' வந்தது.

இந்த 'எஸ்', 'ஹிஸ்' என்பதன் சுருக்கம் என்று ஒரு காலத்தில் படித்தவர்களே நம்பினார்கள். பென் ஜான்சன் 1605-ல் அச்சிட்ட நாடகத்தின் பெயர் 'செஜானஸ் ஹிஸ் ஃபால்'. நம்பிக்கை தவறு. பழைய ஆங்கிலத்தின் 'எஸ்' ஈற்று வேற்றுமை உருபு தேய்ந்து நின்றதே இது.

அஃறிணைக்கு உரிய 'இட்ஸ்' மிக இளைய சொல். 1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் முதல் பதிப்பில் அது ஓரிடத்தில்கூட இல்லை. அந்த வேலையைப் பெரும்பாலும் 'ஹிஸ்' பார்த்துக்கொண்டது.

அமெரிக்க வரைபடங்களில் ஊர்ப்பெயர்களில் உடைமைக் குறியான அபாஸ்ட்ரஃபியைத் தேடாதீர்கள். 1890-ல் அமைந்த புவியியல் பெயர்கள் வாரியம் தொடக்கத்திலிருந்தே அதைத் தவிர்த்துவருகிறது. விலக்கு பெற்றவை ஐந்தே பெயர்கள். முதலாவது, 1933-ல் விலக்குப் பெற்ற மார்த்தாஸ் வினியார்ட் தீவு.

அன்னையர் தினத்தைத் தொடங்கிய ஆனா ஜார்விஸ், 'மதர்ஸ் டே' என்று எழுதும்போது அந்தக் குறி 'எஸ்'ஸுக்கு முன்னால்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். உலகத்துத் தாய்மார்கள் எல்லோருக்குமான பொது விழா அல்ல இது, ஒவ்வொருவரும் தத்தம் தாயை நினைக்கும் நாள் என்பது அவர் கருத்து. குறி ஒரு எழுத்து தள்ளிப் போனால் ஒருமை பன்மையாகிவிடும்.

பெயரா, வினையா?

'ரெக்கார்ட்' என்பதில் முதல் அசையை அழுத்தினால் பெயர்ச்சொல், இரண்டாவதை அழுத்தினால் வினைச்சொல். 'ப்ரெசென்ட்', 'ஆப்ஜெக்ட்' இரண்டும் இதே ஜாதி. ஆனால் எல்லாச் சொல்லும் இப்படி அடையாளம் காட்டாது. 'டைம் ஃப்ளைஸ் லைக் அன் ஆரோ' என்ற வாக்கியத்தை 1960-களில் ஹார்வர்டில் கணினி நிரல் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். காலம் அம்பாய்ப் பறக்கிறது என்பது மனிதருக்குத் தெரியும். 'டைம்' வினையாகவும் 'ஃப்ளைஸ்' பெயராகவும் இருக்கலாமே என்று எடுத்துக்கொண்ட கணினி, ஈக்களின் வேகத்தை அம்பைப் போல அளந்து பார் என்ற பொருளையும் சேர்த்துப் பல விடைகள் தந்தது.

சிரிப்பதற்கு மட்டுமல்ல, சம்பளத்துக்கும் இந்த வேறுபாடு உதவியிருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டம், மிகுதிநேரச் சம்பளம் பெறாத வேலைகளைப் பட்டியலிட்டது. பட்டியலில் எல்லாமே 'கேனிங்', 'ஸ்டோரிங்', 'பேக்கிங்' என்று 'இங்'கில் முடிந்தன. கடைசியில் மட்டும் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்'. நடுவில் கமாவும் இல்லை. 'டிஸ்ட்ரிபியூஷன்' தனி வேலை என்றால் அதுவும் 'இங்'கில் முடிந்திருக்குமே. அது 'பேக்கிங்' எதற்காக என்று சொல்லும் பெயர்தான், விநியோகிக்கும் எங்களை அது கட்டாது என்று ஓக்ஹர்ஸ்ட் பால்பண்ணையின் லாரி ஓட்டுநர்கள் வாதாடினார்கள். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லை என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசமானது. மெய்ன் சட்டமன்றம் பட்டியலைத் திருத்தியபோது அந்தச் சொல்லை 'டிஸ்ட்ரிபியூட்டிங்' என்று மாற்றிவிட்டது.