அடுப்பருகே நின்றவரும் குறிப்பேட்டைப் படிப்பவர்களும்

கல்யாண வீட்டில் சாம்பார் சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் முறையிடுகிறார்கள். அனுபவசாலிகளான மூன்று சமையல் மாஸ்டர்கள் வந்து உட்காருகிறார்கள். அவர்கள் அடுப்பு மூட்டப்போவதில்லை, புதிதாக ஒரு காய்கூட நறுக்க மாட்டார்கள். சமையற்கட்டில் நடந்ததை ஒருவர் ஒன்றுவிடாமல் எழுதிய குறிப்பேடு மட்டுமே அவர்கள் கையில் இருக்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்படித்தான் இயங்குகிறது. 1904-இல் உருவாகி, இன்று 6 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் பெரும்பாலும் 60 நாட்களுக்குள் மனு கொடுக்க வேண்டும். 3 நீதிபதிகள் கேட்பார்கள். 2 பேர் ஒத்துப்போனால் முடிவு. ஜூரி கிடையாது, சாட்சிகள் வருவதில்லை. விசாரணையின் எழுத்துப் பதிவும் இரு தரப்பு வாதங்களும்தான் எல்லாம்.

புகார் எந்த வகை என்பதைப் பொறுத்து மூவரின் பிடி இறுகும், தளரும். “செய்முறையையே தப்பாகப் புரிந்துகொண்டார்” என்றால், அவர்களே அதை முதலிலிருந்து படித்துப் பொருள் சொல்வார்கள். சமைத்தவர், அதாவது விசாரணை நீதிபதி, சொன்ன பொருளுக்குத் தனி மரியாதை இல்லை. சட்டத்துக்கு விளக்கம் சொல்லும் கேள்விகள் இந்த வகை. “உப்பு தூக்கல்” என்றால் கதை வேறு. உப்பு சமைப்பவரின் கைப்பக்குவம். விவரம் தெரிந்த எவரும் இப்படிப் போட மாட்டார் என்னும் அளவுக்குப் போனால்தான் தலையிடுவார்கள். வாய்தா தருவது போன்ற முடிவுகளை இப்படித்தான் பார்க்கிறார்கள். “பருப்பு வேகவில்லை” என்று ஒருவரும் “வெந்தது” என்று இன்னொருவரும் சொன்னால், பக்கத்தில் நின்று பார்த்தவர் (ஜூரியோ விசாரணை நீதிபதியோ) யாரை நம்பினாரோ அவர் சொன்னதையே ஏற்பார்கள், அதற்குத் தக்க ஆதாரம் குறிப்பேட்டில் இருந்தால். சாட்சியின் தடுமாற்றமும் முகம் வெளிறியதும் காகிதத்தில் ஏறாது என்பதால், இந்த அடக்கம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

தவறு நடந்தது உறுதியானாலும் தீர்ப்பு தானாக விழுந்துவிடாது. பெருங்காயம் தாமதமாக விழுந்ததால் ருசி மாறியதா? சாதாரணத் தவறுக்கு 1956-இன் வாட்சன் வழக்கு அளவுகோல்: அது நடக்காதிருந்தால் முடிவு முறையிட்டவருக்குச் சாதகமாக இருக்க நியாயமான வாய்ப்பு உண்டா என்று பார்ப்பார்கள். அமெரிக்க அரசியல் சட்ட உரிமை மீறப்பட்டிருந்தால் சுமை அரசின் தலையில். 1967-இன் சாப்மன் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் சாட்சி சொல்லாமல் மௌனமாக இருந்ததை அரசு வழக்கறிஞர் ஜூரியிடம் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அதைப் பாதிப்பில்லாத தவறு என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது: அத்தவறு தீர்ப்பைப் பாதிக்கவில்லை என்று ஐயத்துக்கு இடமின்றி அரசு காட்டியாக வேண்டும்.

எனக்கு உறுத்தும் விதி ஒன்று உண்டு. குறையை அண்டா கொதிக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். வக்கீல் அன்று ஆட்சேபிக்காவிட்டால், பெரும்பாலும் இன்று அதைக் கிளப்ப முடியாது. அப்போதே சொல்லியிருந்தால் திருத்தியிருக்கலாம் என்பது சரிதான். ஆனால் வக்கீலின் மௌனத்துக்குச் சிறையில் இருப்பவர் விலை கொடுக்கிறார். வக்கீலின் திறமைக் குறைவையே காரணம் காட்டி முறையிடலாம். அது நிரூபிக்கக் கடினமான வழி.

வழக்கு முடிவுக்காக ஒப்படைக்கப்பட்டபின் 90 நாட்களுக்கு மேல் கிடப்பில் கிடந்தால் நீதிபதிக்குச் சம்பளம் கிடையாது என்கிறது மாநில அரசியல் சட்டம். மூவரும் தீர்ப்பை உறுதி செய்யலாம், திருத்தலாம், ரத்து செய்து மறு விசாரணைக்கும் அனுப்பலாம். அதற்கு மேலே 7 நீதிபதிகள் கொண்ட மாநில உச்ச நீதிமன்றம், தான் தேர்ந்தெடுக்கும் வழக்குகளையே கேட்கும். மரண தண்டனைத் தீர்ப்பின் மேல்முறையீடு மட்டும் நேராக அங்கே போகிறது.