முடி நட்ட பிறகு பார்ப்பது யார்?

"தங்கச்சி, நட்ட முடியெல்லாம் கொட்டுண்டு போச்சு. சங்கிலியும் போச்சு, முடியும் போச்சு."

2023 ஆம் ஆண்டு ஒருநாள் காலை, கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா தொலைபேசியில் இப்படிச் சொல்லி அழுதார். அவரை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். 2009 இல் மாத்தளனில் விழுந்த ஷெல்லின் துண்டொன்று அவரது வலது காதுக்கு மேலே தலைத்தோலைக் கிழித்துச் சென்றது. காயம் ஆறிவிட்டது. ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடத்தில் முடி முளைக்கவேயில்லை. மற்றப் பக்கத்து முடியை இழுத்துக் கிளிப் குத்தி மறைப்பார். பஸ்ஸில் ஏறினால் வலது பக்க யன்னலோரத்தைத்தான் தேடுவார். தழும்பு வெளிப்பக்கம் இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது அல்லவா?

முகநூலில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து, மகளுக்கென்று வைத்திருந்த இரண்டு பவுண் சங்கிலியை அடகு வைத்து, தமையனின் மகனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கொழும்பில் ஒரு தனியார் நிலையத்துக்குப் போயிருக்கிறார். எங்களுக்குச் சொல்லவில்லை. "இந்த வயதில் உனக்கு என்ன அழகு?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம். ஒரே பகலில் முடி நட்டு முடிந்தது. அன்றிரவே பஸ்ஸில் ஊர் திரும்பினார். ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள், ஒரு பை மருந்து, பணம் கட்டிய பற்றுச்சீட்டு. அவர் கையில் இருந்தவை இவ்வளவுதான்.

நான்காம் நாள் நெற்றியும் கண்மடலும் வீங்கின. தாளில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தபோது சிங்களத்தில் பதில் வந்தது. அக்காவுக்குத் தெரிந்த சிங்களம் சந்தையில் பேரம் பேசப் போதும். காயத்தை விளக்கப் போதாது. மூன்றாம் கிழமை நட்ட முடி உதிரத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு எடுத்தார்.

எனக்கும் இதைப் பற்றி எதுவும் தெரியாது. அரச வைத்தியசாலை ஒன்றில் தோல் நோய் வைத்தியரிடம் அவரைக் கூட்டிச் சென்றேன். அவர் பார்த்துவிட்டு, "இது உதிரத்தான் வேண்டும்" என்றார். நட்டு இரண்டு முதல் எட்டுக் கிழமைக்குள் மேலே தெரியும் முடி பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் உள்ளேயே இருக்கும். மூன்று நான்கு மாதத்தின் பின்னர்தான் புதிய முடி வரத் தொடங்கும். முழுப் பலனைப் பார்க்க ஒரு வருடம் வேண்டும். தழும்பில் நட்டால் அதற்கு மேலும் எடுக்கலாம். முன்கூட்டியே இதைச் சொல்ல அந்த நிலையத்துக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்திருக்கும். சொல்லாததால் அக்கா பல இரவுகள் நித்திரையில்லாமல் அழுதார்.

ஆனால் உண்மையான பிழையும் ஒன்று இருந்தது. முடி எடுப்பதற்காகப் பின்தலையில் ஒரு கீற்றாகத் தோலை வெட்டித் தையல் போட்டிருந்தார்கள். அந்தத் தையலை வழமையாகப் பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் வெட்டி எடுப்பார்கள். எங்கே, எப்போது எடுப்பது என்று அவருக்கு விளங்கும்படி எவரும் சொல்லவில்லை. அதில் சீழ் கட்டியிருந்தது. "என்ன மருந்து கொடுத்தார்கள்? எத்தனை முடி நட்டார்கள்?" என்று வைத்தியர் கேட்டார். அக்கா பணம் கட்டிய பற்றுச்சீட்டை எடுத்து நீட்டினார்.

சகோதரிகளே, இந்தச் சிகிச்சை ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. முடி வளர ஒரு வருடம் எடுக்கிறது. நாம் காசு கொடுப்பது அந்த ஒரு நாளுக்கா, முழு வருடத்துக்குமா என்பதை முதலிலேயே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

அழகுக்காக மட்டும் வந்ததல்ல

தழும்பில் முடி நட விரும்புவது ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1939 இல் ஜப்பானிய வைத்தியர் ஷோஜி ஒக்குடா, தீக்காயம் முதலியவற்றால் முடி இழந்த தலைகளில் முடியுள்ள தோலைச் சிறு வட்டங்களாக எடுத்து நட்ட அனுபவத்தை எழுதி வெளியிட்டார். ஆண்களின் வழுக்கைக்கு இதே முறையைக் கையாண்டது பற்றி நியூயோர்க் வைத்தியர் நோர்மன் ஓரன்ட்ரைக் எழுதியது 1959 இல். ஆகவே காயம் பட்டவர்கள் இதை நாடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆனால் தழும்பில் நடுவது கடினமானது. அங்கே இரத்த ஓட்டம் குறைவு. நட்டவற்றில் பிழைப்பவையும் குறைவாக இருக்கலாம். அதனால் அக்கறையுள்ள வைத்தியர் முதலில் சிறு இடத்தில் நட்டுப் பார்த்து, சில மாதங்கள் பொறுத்துத்தான் மிகுதியைச் செய்வார். இரண்டாம் தடவையும் தேவைப்படலாம் என்று சொல்வார். "நூறு வீதம் உத்தரவாதம்" என்று சொல்லும் இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

2024 இல் முல்லைத்தீவைச் சேர்ந்த இன்னொரு சகோதரி இதே விருப்பத்துடன் வந்தபோது, நாங்கள் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு இரண்டு நிலையங்களுக்குப் போனோம்.

முதல் இடத்தில் எங்களோடு பேசியவர் வைத்தியர் அல்ல. "பிறகு ஏதாவது நடந்தால்?" என்று கேட்டோம். "எல்லாம் நாங்கள் பார்ப்போம், அக்கா. இன்றைக்கே முற்பணம் கட்டினால் கழிவு இருக்கிறது" என்றார். எழுதித் தரச் சொன்னோம். சிரித்தார். எழுதித் தரவில்லை.

இரண்டாம் இடத்தில் வைத்தியரே பேசினார். தலையில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறதா, மண்டையோட்டில் எலும்பில்லாத இடம் உண்டா, வலிப்பு வருவதுண்டா, சீனி வருத்தம், பிரஷர் உண்டா, இரத்தத்தை இளக்கும் குளிசை எடுக்கிறீர்களா, முன்பு பட்ட காயங்கள் தடித்து வளர்ந்தனவா என்று வரிசையாகக் கேட்டார். கடைசியில், "வீட்டிலை தண்ணி எங்கேயிருந்து எடுக்கிறியள்?" என்றார். "கிணத்திலை. விறகும் தலையிலைதான் கொண்டுவாறது" என்றார் எங்கள் சகோதரி. "அப்ப ஒரு மாதத்துக்கு அதை யார் செய்வினம் எண்டதை முதல்லை பாருங்கோ. பிறகு திகதி எடுப்பம்." சிகிச்சைக்குப் பிறகும் இவர் நம்மைப் பார்ப்பார் என்ற நம்பிக்கை எனக்கு அந்தக் கேள்வியில்தான் வந்தது.

எங்கள் கொப்பியில் இருந்த கேள்விகள் இவை:

1. முடி நடுபவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்த வைத்தியரா? அந்த இடம் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையில் பதிவு பெற்றதா?

2. முதல் தடவை தலை கழுவுவது யார்? நல்ல இடத்தில் தாங்களே கழுவிக் காட்டுவார்கள், அல்லது நம்மையே அவர்கள் முன்னால் கழுவச் செய்வார்கள்.

3. எத்தனை தடவை திரும்பப் பார்ப்பார்கள்? முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு தடவை, பத்து நாள் அளவில் ஒரு தடவை, பின்னர் ஒரு வருடம் வரை இடையிடையே பார்க்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணமா?

4. தூரத்திலிருந்து வரும் நமக்கு, ஊரில் தையல் வெட்டக் கடிதம் தருவார்களா?

5. இரவில் எடுக்கக்கூடிய தொலைபேசி இலக்கம் எது? தமிழில் பேசுபவர் இருக்கிறாரா? அங்கிருந்தபடியே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

6. அறிவுறுத்தல்களைத் தமிழில் எழுதித் தருவார்களா?

7. செய்த முறை, நட்ட எண்ணிக்கை, கொடுத்த மருந்துகள், வைத்தியரின் பெயர் ஆகியவற்றை எழுதிய குறிப்பு தருவார்களா?

8. முளைக்காவிட்டால் என்ன செய்வார்கள்? எழுத்தில் தருவார்களா?

9. நமது படங்களை விளம்பரத்துக்குப் போடுவார்களா? வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. கையெழுத்திடும் படிவத்தில் அது எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

மருந்து விடயத்திலும் கவனம் வேண்டும். பிறகு பூசுவதற்கு மினொக்சிடில் தரப்பட்டால், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதைப் பாவிக்கக் கூடாது. பினாஸ்டரைட் குளிசை கர்ப்பம் தரிக்கக்கூடிய பெண்களுக்கு ஏற்றதல்ல. இதைக் கேட்காமல் ஒருவர் மருந்து தந்தால், அவர் நம்மை ஒரு பெண்ணாக நினைத்துப் பார்க்கவில்லை என்றே அர்த்தம்.

எது வழமை, எது ஆபத்து?

இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை நெற்றியும் கண்மடலும் வீங்கலாம். பொருக்கு வரும், கடிக்கும், தோல் சில மாதம் மரத்திருக்கும். இவற்றுக்குப் பயப்படத் தேவையில்லை. பொருக்கைச் சுரண்ட வேண்டாம். நட்ட வேர் நன்றாகப் பிடிக்கப் பத்து நாள் அளவில் எடுக்கும்.

காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, சீழ், மணம், தோல் கறுத்துப்போதல், அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தம், இவற்றில் ஒன்று வந்தாலும் நிலையத்தின் பதிலுக்குக் காத்திராமல் அருகில் உள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அந்தக் குறிப்பையும் கொண்டு போங்கள்.

வீட்டில் சில இரவுகள் தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும். வைத்தியர் சொல்லும் வரை தேங்காய் எண்ணெய் வைக்கக் கூடாது. குளத்திலோ கடலிலோ முழுகக் கூடாது. வெயிலில் தோட்ட வேலைக்கும், தலையில் சுமை தூக்கவும் போகக் கூடாது. தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் நமக்கு இது சின்ன விடயமல்ல. நாள் சம்பளம் போகும். செலவுக் கணக்கில் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

சங்கிலியை அடகு வைக்க முன் இன்னொரு கதவையும் தட்டலாம். கொழும்பு தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய அரச வைத்தியசாலைகளில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவு உண்டு. சில தழும்புகளை வெட்டி ஒட்டலாம். சிலவற்றுக்குப் பக்கத்தில் உள்ள முடியுள்ள தோலை மெதுவாக விரிவடையச் செய்து மூடலாம். உங்கள் ஊர் வைத்தியசாலையில் கடிதம் கேளுங்கள். காத்திருக்க நேரலாம். ஆனால் காசில்லை, திரும்பப் பார்ப்பதற்கும் ஓர் இடம் இருக்கிறது.

முல்லைத்தீவுச் சகோதரிக்குச் சிறு இடத்தில் நட்டுப் பார்த்தார்கள். தண்ணீரையும் விறகையும் அந்த ஒரு மாதம் மாதர் சங்கப் பெண்கள் முறை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கிளிநொச்சி அக்காவுக்குப் பின்தலைப் புண் மருந்துடன் ஆறியது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது நட்டதில் பாதியளவு முளைத்திருந்தது. முன்பு நான்கு கிளிப் குத்தியவருக்கு இப்போது ஒன்று போதும். ஆனால் சங்கிலி அப்போதும் அடகில்தான் இருந்தது. "முதலே உங்களுக்குச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

சொல்லுங்கள், சகோதரிகளே. போகுமுன் யாரிடமாவது சொல்லுங்கள். கேள்வி கேட்க ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். "உனக்கு என்ன அழகு?" என்று யாரும் கேட்டால், 2009 இல் இழந்ததில் ஒரு சிறு பங்கைத் திரும்பக் கேட்கிறேன் என்று சொல்லுங்கள்.