வீட்டு வாசலில் நிற்கும் பழைய ஜீப்

மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டைத் தேடிச் செல்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது எத்தனையாவது கிராஸ் என்பதைத்தான். பழைய ஜீப்பைப் பிரித்துப் போட்டிருக்கும் பட்டறையிலும் 'கிராஸ்' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். அங்கு அது தெருவைக் குறிப்பதன்று; எஞ்சினின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டு செல்லும் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள சிலுவை வடிவ இணைப்பைக் குறிப்பது. 1898ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பிறகு பெங்களூரின் நெரிசலை விட்டு வெளியேறிய மக்களுக்காக வளர்ந்த பேட்டை மல்லேஸ்வரம். மரங்கள் அடர்ந்த அதன் குறுக்குத் தெருக்களில், பழைய வீடுகளின் வாசலில் தார்ப்பாய் போர்த்திய டீசல் ஜீப் ஒன்றை இன்றும் காண முடிகிறது. தந்தையார் வாங்கியது, விற்க மனமில்லை, ஓட்டவும் நேரமில்லை என்ற நிலையில் அது நின்றுகொண்டிருக்கும். அத்தகைய வண்டியை வைத்திருக்கும் வாசகர்களுக்காகவே இக்கட்டுரை.

வைத்திருப்பதா, விற்பதா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் வண்டியின் வயதில் இல்லை. அதை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

1947ஆம் ஆண்டு முதலே வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்த மஹிந்திரா நிறுவனம், பின்னர் அதே மரபில் பல வண்டிகளைத் தயாரித்தது. 1980களில் வந்த எம்.எம். 540 அவற்றுள் பெயர் பெற்றது. பிரான்சின் பெஜோ நிறுவனம் வடிவமைத்து, உரிமம் பெற்று இங்கே தயாரிக்கப்பட்ட 2112 சி.சி. எக்ஸ்.டி.பி. டீசல் எஞ்சின் அதில் இருந்தது. வேறு சில ஜீப்புகளில் 2523 சி.சி. கொள்ளளவுள்ள எம்.டி.ஐ. எஞ்சின் இடம்பெற்றது. இவ்விரண்டிலும் கணினி இல்லை, உணரிகள் இல்லை. டீசல் பம்ப்பும் முழுக்க முழுக்க இயந்திர முறையில் இயங்குவது. ஒருமுறை கிளம்பிவிட்டால் ஓடுவதற்கு மின்சாரமே வேண்டாம். ஒரு ஸ்பேனர் செட், ஒரு கிரீஸ் கன், ஒரு ஃபீலர் கேஜ், வண்டியோடு வந்த கையேடு ஆகியவை இருந்தால் பாதி வேலையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இன்றைய கார்களில் அதற்கு வழியில்லை என்பதைச் சிறு ஏக்கத்தோடுதான் எழுதுகிறோம்.

டீசல் எஞ்சினின் உடல்நலம் மூன்று பொருள்களின் தூய்மையைப் பொறுத்தது: டீசல், காற்று, ஆயில். இவற்றுள் டீசலே முதன்மையானது. பம்ப்பின் உட்பகுதிகள் ஒன்றோடொன்று மிக நெருக்கமாகப் பொருந்தி, டீசலையே உராய்வுநீக்கியாகக் கொண்டு இயங்குபவை. அங்கே ஒரு சொட்டு நீர் சென்றாலும் துருவும் தேய்மானமும் தொடங்கிவிடும். வாரக்கணக்கில் அரைத் தொட்டி டீசலோடு நிற்கும் வண்டியில் இரவுக் குளிரில் தொட்டியின் உட்சுவரில் நீர் படிகிறது. ஆகவே அதிகம் ஓடாத வண்டியில் தொட்டியை நிரப்பி வைப்பதே நல்லது. வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய நீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பார்க்க வேண்டும். நீர் அடியில் தங்கும், டீசல் மேலே நிற்கும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

வடிகட்டியை மாற்றியவுடன் வண்டி கிளம்பவில்லை என்று பலர் கலங்குவதுண்டு. 'ஏர் எடுத்துவிட்டது' என்று பட்டறைக்காரர்கள் சொல்வது இதைத்தான். டீசல் குழாயில் புகுந்த காற்று அழுந்திக்கொடுக்கும், டீசல் அழுந்தாது. காற்று இருக்கும்வரை பம்ப் எவ்வளவு தள்ளினாலும் நாசில் திறக்காது. வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைச் சற்றே தளர்த்தி, கையால் அழுத்தும் சிறு பம்ப்பை இயக்கினால் முதலில் நுரையும் பிறகு குமிழியற்ற டீசலும் வரும். குமிழி நின்றதும், டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்க வேண்டும். அடுத்து பம்ப்பில் உள்ள திருகிலும் அவ்வாறே செய்ய வேண்டும். கால் மணி நேர வேலை. ஆனால் ஓடும் எஞ்சினில் நாசில் குழாயின் கசிவைக் கையால் தடவிப் பார்க்கும் வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். நூறு வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லக்கூடியது. வெளியே ஊசி குத்தியதுபோல் தெரியும் காயம் விரலையே இழக்கச் செய்யலாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காற்று வடிகட்டி பல பழைய ஜீப்புகளில் எண்ணெய்த் தொட்டி வகையைச் சேர்ந்தது. அடியில் சேர்ந்த சேற்றோடு பழைய ஆயிலைக் கொட்டி, மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, குறியிட்ட அளவு வரை மட்டும் புது ஆயில் ஊற்ற வேண்டும். தாராள மனத்துடன் கூடுதலாக ஊற்றக் கூடாது. எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சி எரிபொருளாகவே பயன்படுத்தி, நிறுத்தும் கம்பியை இழுத்தாலும் நிற்காமல் வேகம் கூட்டிக்கொண்டே போகும் அபாயம் உண்டு.

ஜனவரி மாத அதிகாலையில் பெங்களூரின் வெப்பநிலை 15 பாகை அளவுக்கு இறங்கும்போது எக்ஸ்.டி.பி. எஞ்சின் உள்ள ஜீப்பு சற்று முரண்டு பிடிக்கும். அதில் டீசல் முதலில் ஒரு சிறு முன்னறையில் பீய்ச்சப்படுகிறது. குளிர்ந்த சுவர்கள் வெப்பத்தை விழுங்கிவிடுகின்றன. அதனால்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக். நான்கில் ஒன்று பழுதானால் வண்டி உதறலோடு கிளம்பி, வெண்புகை விட்டு, ஓரிரு நிமிடத்தில் சீராகும். பிளக்கின் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் நேர்முனைக்கும் பிளக் முனைக்கும் இடையே 12 வோல்ட் சோதனை விளக்கை வைத்துப் பார்த்தால், விளக்கு எரியாத பிளக்கே குற்றவாளி. சூடான பின்னும் வெண்புகை தொடர்ந்தால் செய்தி வேறு. கரும்புகை காற்றுக் குறைவையோ நாசிலின் கோளாறையோ காட்டும்; நீலப் புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். பி.எஸ். 4க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் 65 ஹார்ட்ரிஜ் அலகு வரை அனுமதி உண்டு. ஒழுங்காகப் பராமரித்த ஜீப்புக்கு அது கடினமான தேர்வன்று.

இனிச் சொல்லப்போவது உயிர் தொடர்பானது. வில்லிஸ் மரபில் வந்த பழைய ஜீப்புகள் பலவற்றில் கைப்பிரேக் பின்சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னால், பின் ஷாஃப்ட்டின் தொடக்கத்தில் உள்ள ஒரு தனி டிரம்மைத்தான் பிடிக்கிறது. சமதரையில் நான்கு சக்கரமும் ஊன்றி நிற்கும்போது இதனால் தொல்லையில்லை. ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கினாலோ, ஷாஃப்ட் அசையாமல் நின்றாலும் தூக்கிய சக்கரம் ஒரு திசையிலும் தரையில் உள்ள சக்கரம் மறு திசையிலும் சுழல முடியும். கைப்பிரேக் முழுதாக இழுத்திருந்தும் வண்டி உருளும். கியரில் நிறுத்தியிருந்தாலும் உருளும். மல்லேஸ்வரத்தின் சில குறுக்குத் தெருக்களில் உள்ள சரிவை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். எனவே சக்கரத்தைத் தூக்குமுன் மற்றச் சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை வைத்தாக வேண்டும். தூக்கிய பின் ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டின் மேல் இறக்க வேண்டும். செங்கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவது கூடவே கூடாது. செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். வீடுகளின் பின்புறச் சந்தும் இதற்கு ஏற்ற இடமன்று. சமமான சிமென்ட் தரையே ஏற்றது.

பிரேக்கைப் பொறுத்தவரை நம் கருத்து சற்றுக் கண்டிப்பானது. மிகப் பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர் சுற்றுதான்; ஓர் இடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். பெடலை இருமுறை அழுத்தினால்தான் பிடிக்கிறது என்ற நிலையைப் பழகிக்கொண்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது பழக்கம் ஆகாது, எச்சரிக்கை. பிரேக் ஆயிலின் அளவைப் பார்ப்பது, டிரம்மின் உள்புறம் ஈரம் கசிந்திருக்கிறதா என நோக்குவது, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்வது ஆகியவை வீட்டில் செய்யத்தக்கவை. சிலிண்டரைப் பிரிப்பதைக் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையதாதலால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதன் தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

கிரீஸ் அடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டை ஸ்பிரிங்கின் ஷாக்கிள், டை ராட் முனைகள், முன்பு சொன்ன கிராஸ்கள் ஆகியவற்றில் பழைய அழுக்குக் கிரீஸ் வெளியேறிப் புதியது தலைகாட்டும்வரை அடித்தால் போதும். இதை மறப்பதால்தான் கிராஸ்கள் 'டக்' என்று ஒலி எழுப்பத் தொடங்குகின்றன.

நான்கு சக்கர இயக்கத்துக்கான கம்பியை மாதம் ஒருமுறையேனும் போட்டு எடுக்க வேண்டும், இல்லையேல் இறுகிவிடும். ஆனால் அதைச் சம்பிகே சாலையில் செய்து பார்க்க வேண்டாம். இந்த ஜீப்புகளில் முன் அச்சையும் பின் அச்சையும் நேரடியாகப் பிணைத்துவிடுவதால், வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழல வழியில்லை. வழுக்கும் மண்ணில் சக்கரம் சறுக்கி ஈடுகொடுக்கும். காய்ந்த தார்ச்சாலையில் அந்த முறுக்கம் முழுவதும் பற்சக்கரங்களின் மேல் விழும்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிவதும் பராமரிப்பின் ஒரு பகுதியே. டீசல் பம்ப்பை வீட்டில் பிரிக்கக் கூடாது. அதைச் சோதனை மேசையில் ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் சம அளவு டீசல் செல்கிறதா என அளந்துதான் சீர்செய்ய முடியும். இதற்குப் பெங்களூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை எனலாம். 1951இல் தொடங்கப்பட்டு ஆடுகோடியில் டீசல் பம்ப்புகளைத் தயாரித்த மைகோ, இன்று பாஷ் என்ற பெயரில் இயங்கினாலும், பழைய பெயர் மைகோ லேஅவுட்டாக ஊரின் வரைபடத்திலேயே தங்கிவிட்டது. உதிரிப்பாகங்களுக்கு ஜே.சி. சாலை இருக்கிறது. கழற்றிய பாகத்தைக் கையோடு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குவதே பாதுகாப்பு. ஒரே பெயரில் அளவு மாறுபட்ட பாகங்கள் உண்டு.

டீசல் வடிகட்டியின் விலை நூறுகளில். பம்ப்பைச் சீர்செய்யும் செலவு ஆயிரங்களில். மாதந்தோறும் ஒரு சிறு தொகையை வண்டிக்கெனத் தொடர் வைப்பில் போட்டு வருவது, வங்கியின் இதழ் என்பதால் நாம் சொல்லும் யோசனை மட்டுமன்று. பழைய வண்டியின் பெரிய செலவுகள் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

அவ்வாறு வரும் செலவுகளில் பதிவுப் புதுப்பித்தலும் ஒன்று. சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டு வரை செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையோடு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இதற்கான மத்தியக் கட்டணம் கார், ஜீப் வகைக்கு 5,000 ரூபாயாயிற்று. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிக்கை 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு அதை 10,000 ரூபாயாக உயர்த்தியது. காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; தாமதித்தால் மாதம் 500 ரூபாய் கூடுதலாகும். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் பொருத்திய ஜீப்புகள் ஏராளம். அந்த மாற்றம் பதிவுச் சான்றில் ஏறியிருக்கிறதா, எஞ்சின் எண் பொருந்துகிறதா என்பதைச் சோதனைக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். காப்பீட்டில், ஐந்தாண்டு கடந்த வண்டியின் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வதே முறை. நன்கு பராமரித்ததற்கான ரசீதுகளும் படங்களும் அப்போது உதவும்.

இன்னொன்று, எங்கள் கிளைகளில் அடிக்கடி எழும் விஷயம். கடனில் வாங்கிய வண்டியின் தவணை இருபது ஆண்டுக்கு முன்பே முடிந்திருக்கும். ஆனால் பதிவுச் சான்றில் வங்கியின் அடமானக் குறிப்பு நீக்கப்படாமலே இருக்கும். விற்கும்போதோ, வாரிசின் பெயருக்கு மாற்றும்போதோதான் அது கண்ணில் படும். கடன் கொடுத்த வங்கியிடம் தடையின்மைச் சான்றும் கையொப்பமிட்ட படிவம் 35உம் பெற்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்தால் குறிப்பு நீங்கும். அந்த வங்கி வேறொரு வங்கியோடு இணைந்திருந்தால், இணைந்த வங்கியின் கிளையை அணுக வேண்டும். தார்ப்பாயை விலக்கிப் பேட்டரியைக் கழற்றும் நாளிலேயே பதிவுச் சான்றையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.