மழைக்குப் பின் மூடப்படும் மிதிவண்டித் தடங்கள்: பனியுக நிலம் கூறும் காரணம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள கெட்டில் மொரைன் வனம், மலைத்தட மிதிவண்டிப் பயணத்துக்குப் பெயர் பெற்றது. எனினும், மழையால் தடங்கள் ஈரமாகும்போது அவை மூடப்படுகின்றன. அதற்கான காரணம் அந்நிலம் உருவான விதத்தில் உள்ளது.

கடைசிப் பனியுகத்தில், மாபெரும் பனிப்படலத்தின் இரு பிரிவுகள் இங்கு ஒன்றையொன்று நெருங்கின. அவை சுமந்து வந்த மணலும் சரளையும் இடையில் குவிந்து நீண்ட மேடுகளாயின. இத்தகைய மேடே 'மொரைன்'. மண்ணில் புதைந்திருந்த பனிக்கட்டிகள் உருகியபோது, மேற்பரப்பு உள்வாங்கிப் பள்ளங்கள் தோன்றின. இவையே 'கெட்டில்' எனப்படுகின்றன.

வனத்தின் தென்பகுதியில் உள்ள ஜான் மியூர், எம்மா கார்லின் தடங்களில் ஏற்ற இறக்கங்கள் அடுத்தடுத்து வருவதற்கு இந்த மேடு பள்ளங்களே காரணம். ஈர மண்ணில் சக்கரங்கள் அழுந்தினால் தடத்தில் பள்ளக் கோடுகள் விழும். அடுத்த மழைநீர் அவற்றின் வழியே பாய்ந்து, சரிவிலுள்ள மண்ணை அரித்துச் செல்லும். பனிப்பாறை குவித்த அந்த மண் மீண்டும் வந்து சேராது.

வனத்தின் ஊடே செல்லும் பனியுகத் தேசிய நடைபாதையில் மிதிவண்டிகளுக்கு அனுமதி இல்லை. புறப்படும் முன், தடம் திறந்துள்ளதா என அறிந்துகொள்வது அவசியம்.