அறுப்பதும் அளவீடு, ஆக்குவதும் அளவீடு

தொலைவில் நிற்கும் துகள்களைக்கூடத் தனித்தனியே வர்ணிக்க இயலாதபடி பிணைத்துவிடும் சம்பந்தத்துக்கு 1935-இல் எர்வின் ஷ்ரோடிங்கர் பெயர் சூட்டினார். அதையே நாம் குவாண்டம் பின்னல் என்கிறோம். அளவீடு பட்டதும் அது அறுந்துவிடும் என்றே பாடப்புத்தகங்கள் முதலில் கற்பிக்கின்றன. அது பாதி உண்மைதான்.

0, 1 என்ற இரு நிலைகளையும் கலந்தேற்கவல்ல குவாண்டம் அலகுகளான கியூபிட்டுகளை வரிசையாக நிறுத்தி, அண்டை அயலோடு இடைவிடாது வினைபுரியவிட்டு, நடுநடுவே சிலவற்றை மட்டும் அளந்தால் என்ன நேரும் என்பதை 2018-இல் மாத்யூ ஃபிஷர் குழுவினரும் ஆடம் நாஹம் குழுவினரும் தனித்தனியே ஆராய்ந்தனர். அளவீடுகள் அரிதாயிருக்கும்வரை பின்னல் அமைப்பின் பருமனுக்கேற்ப வளர்கிறது. ஒரு குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டியதும், நீர் உறைவதுபோல நிலைமாறி, எல்லையோரத்தோடு நின்றுவிடுகிறது.

இந்த நிலைமாற்றத்தைப் பிரத்தியட்சமாகக் காண்பதில்தான் சங்கடம். பின்னலை மதிப்பிட அதே நிலையை மீண்டும் மீண்டும் பெற வேண்டும். ஐம்பது அளவீடுகள் ஒவ்வொன்றும் 0 அல்லது 1 என்று யதேச்சையாக விடை தருமாயின், அதே விடைத்தொடர் மறுபடி வாய்க்க ஆயிரம் லட்சம் கோடிக்கும் மேற்பட்ட முயற்சிகள் வேண்டும். விடைகளைக் கவனியாமல் சராசரி எடுத்தாலோ மாற்றத்தின் சுவடே தெரியாது. 1 என்று விடை தந்த கியூபிட்டை உடனே 0 ஆகத் திருப்பும் பின்னூட்டத்தால், சராசரியிலும் மாற்றம் தெரியும்படி அமைப்பு முழுவதையும் ஒரே நிலையில் ஒடுக்குவது ஓர் உபாயம். ஆயினும் அந்த ஒடுக்கம் நிகழும் அளவீட்டு விகிதத்தை எட்டுமுன்பே பின்னலின் நிலைமாற்றம் பொதுவாக நிகழ்ந்துவிடுவதால், ஒன்றைக் கண்டு மற்றதைக் கண்டோமென்று முடிவுகட்டலாகாது.

பின்னூட்டத்தின் மெய்யான மகிமை ஆக்கும் தொழிலில் இருக்கிறது. 0, 1 இரண்டும் சமமாகக் கலந்த கியூபிட்டுகளை வரிசையில் நிறுத்தி, எதனையும் தனியே அளக்காமல், அடுத்தடுத்த ஜோடிகள் ஒத்திருக்கின்றனவா, மாறுபட்டிருக்கின்றனவா என்பதை மட்டும் அளக்க வேண்டும். விடைகள் யதேச்சையானவையே, ஆனால் மாறுபாடு கண்ட இடங்களைக் கொண்டு உரிய கியூபிட்டுகளைத் திருப்பிவிட்டால், அனைத்தும் 0, அனைத்தும் 1 என்ற இரண்டின் கலப்பாக வரிசை முழுவதும் பின்னிக்கொள்கிறது, எது 0, எது 1 என்று நாம் கேளாததனாலேயே அந்தக் கலப்பு பிழைக்கிறது. அண்டை வினைகளை மட்டும் நம்பினால் வரிசை நீள நீளக் காலமும் நீளும். இம்முறையிலோ எத்தனை நீண்ட வரிசைக்கும் சில படிகளே போதும். 2024-இல் வெளியான பரிசோதனையொன்றில், குவாண்டினம் நிறுவனத்தின் அயனிக் கணினியில் 27 கியூபிட்டுகளை நடுவே அளந்து, விடைக்கேற்பத் திருத்தி, துகள்கள் ஒன்றையொன்று சுற்றும் முறைவரிசை மாறினால் விளைவும் மாறுகிற அபூர்வமான பின்னல் ஒழுங்கை ஆய்வாளர் ஆக்கிக் காட்டினர்.