நெசவாளி மகனின் மாதிரிச் சரக்கு

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, பெரியதோர் ஏரியைத் தன் பெயரோடு சேர்த்து வைத்துக் கொண்டிருக்கும் ஊர் தாமல். காஞ்சி வட்டாரத்து மக்களுக்குத் தறியைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பட்டுப் பாவு என்றால் லேசான காரியமா? ஒரு பாவில் பொதுவாக மூன்று புடவை நெய்யலாம். பட்டு நூலும் ஜரிகையும் விற்கிற விலையில், புதிய கரையோ புதிய முந்தானையோ மனத்தில் உதித்த மாத்திரத்தில், இருக்கிற தறிகள் அத்தனையிலும் அதை ஏற்றி விடுகிறவனைக் கெட்டிக்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கட்டம் போட்ட காகிதத்தில் வரைந்து, அட்டை குத்தி, ஒரு புடவையை நெய்து, கடையில் விரித்துப் போட்டு, வாங்க வந்த அம்மாள் அதைத் தொட்டுப் பார்க்கிறாளா, தள்ளி வைக்கிறாளா என்று கவனித்த பிறகு அடுத்த பாவைப் பற்றி யோசிப்பதே புத்தி.

இந்தப் பழைய புத்திக்கு அமெரிக்காவில் புதிதாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ‘மினிமம் வயபிள் பிராடக்ட்’ என்பது அந்தப் பெயர். 2001-ஆம் ஆண்டு பிராங்க் ராபின்சன் என்பவர் இதை வழக்கில் கொண்டு வந்தார். பத்து ஆண்டு கழித்து, 2011-ல் எரிக் ரீஸ் எழுதிய ‘தி லீன் ஸ்டார்ட்டப்’ என்ற புத்தகம் இதை உலகமெங்கும் பரப்பி விட்டது. இன்று ஸ்டார்ட்டப் தொடங்குகிற இளைஞர்கள் ‘எம்.வி.பி. தயாரா?’ என்றுதான் ஒருவரை ஒருவர் குசலம் விசாரித்துக் கொள்கிறார்கள்! அர்த்தம் இவ்வளவுதான்: முழுச் சரக்கையும் செய்து முடித்து, மூலதனத்தையும் தொலைத்து விட்டு, ‘இது யாருக்கு வேண்டும்?’ என்று கேட்காதே. முக்கியமான வேலையைச் செய்கிற அளவுக்கு ஒன்றைச் செய்து, வேண்டியவர் கையில் கொடு. அவர் சொல்வதைக் கேள். பிறகு மேலே போ.

இதிலே பலர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ‘குறைந்தபட்சம்’ என்றதும் அரைகுறை என்று எடுத்துக் கொண்டு விடுகிறார்கள். அரை அகலத்தில் நெய்த துணி புடவைக்கு மாதிரி ஆகுமா? மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது அங்கே இருந்தவை 11 படுக்கைகள். படுக்கை குறைவே தவிர, அந்தப் பதினொன்றில் படுத்தவருக்குச் செய்த கண் ஆபரேஷன் முழு ஆபரேஷன்தான். சின்னது என்பது வேறு, அரைகுறை என்பது வேறு.

இந்த விஷயத்துக்குப் பொருத்தமான சரித்திரத்தைத் தேடிக் கலிபோர்னியாவுக்குக் கப்பல் ஏற வேண்டாம். கோயம்புத்தூருக்கு ரயில் ஏறினால் போதும். கைத்தறி நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அருணாசலம் முருகானந்தம். தகப்பனார் சாலை விபத்தில் காலமாகி விட, 14 வயதில் படிப்பை நிறுத்திக் கூலி வேலைக்குப் போனவர். பிறகு வெல்டிங் பட்டறையில் தொழில் பழகினார். எரிக் ரீஸின் புத்தகம் அச்சேறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அதில் உள்ள பாடங்களை எல்லாம் அவர் தம் உடம்பிலேயே எழுதிக் கொண்டு விட்டார்.

பத்துப் பைசாப் பஞ்சு

1998-ல் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. புது மனைவி சாந்தி எதையோ மறைத்து எடுத்துக் கொண்டு போவதைப் பார்த்து என்னவென்று விசாரித்தார். மாதவிலக்குக் காலத்தில் பயன்படுத்தும் கந்தல் துணி அது. வண்டியைத் துடைக்கக்கூட அந்தத் துணியை எடுக்க மாட்டேனே என்று அவருக்குத் திகைப்பு. கடையில் நாப்கின் விற்கிறதே என்றால், அதை வாங்கினால் வீட்டுப் பால் செலவில் கை வைக்க வேண்டும் என்பது மனைவியின் கணக்கு.

முருகானந்தம் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். கையில் வைத்து எடை பார்த்தார். அன்றைய விலையில் பத்துப் பைசாப் பஞ்சுகூட இராது. விற்பதோ நான்கு ரூபாய்க்கு. நாற்பது மடங்கு! பஞ்சு விளையும் சீமையில் பிறந்தவருக்கு இந்தக் கணக்கு பொறுக்குமா? தாமே பஞ்சை எடுத்து, துணியில் சுற்றி, ஒன்றைச் செய்து மனைவியிடம் கொடுத்தார். உடனே அபிப்பிராயம் சொல்லும்படியும் கேட்டார். ‘காலம் வர வேண்டாமா?’ என்ற பதிலிலிருந்துதான் மாதம் ஒருமுறை என்கிற சங்கதியே அவருக்கு விளங்கிற்று.

எம்.வி.பி. என்ற சித்தாந்தத்தின் உயிர்நிலை இங்கே இருக்கிறது. ஒரு மாதிரியைச் செய்ய அரை நாள் போதும். அது தேறிற்றா, தோற்றதா என்று தெரிந்து கொள்ளவோ முப்பது நாள். பரீட்சை ஒன்றுக்கு ஒரு மாதம் என்றால் ஆயுள் போதாது. ஆகவே பரீட்சை செய்கிற ஆட்களைப் பெருக்க வேண்டும். தங்கைகளைக் கேட்டார், முகம் சுளித்தார்கள். மருத்துவக் கல்லூரி மாணவிகளாவது வெட்கப்படாமல் பேசுவார்கள் என்று அங்கே போனார். சிலர் சம்மதித்தார்கள். அபிப்பிராயம் எழுதித் தர அச்சடித்த தாளும் கொடுத்தார். கடைசியில் பார்த்தால், இரண்டு மூன்று பெண்கள் உட்கார்ந்து எல்லாத் தாள்களையும் தாங்களே பூர்த்தி செய்து கொண்டிருந்தார்கள்! மாதிரிச் சரக்கு இருந்தது, வாங்கிக் கொள்ளவும் ஆட்கள் இருந்தார்கள். உண்மையான வார்த்தை மட்டும் கிடைக்கவில்லை. பெரிய பெரிய கம்பெனிகளும் இன்று இதே பள்ளத்தில் விழுகின்றன. பொய்யான ஒரு ‘நன்றாக இருக்கிறது’ போல, புதுத் தொழில் தொடங்குகிறவனைக் கெடுக்கக் கூடிய விஷம் வேறு இல்லை.

பந்துப் பையில் ஆட்டு ரத்தம்

யாரும் சொல்லாவிட்டால் நானே அணிந்து பார்க்கிறேன் என்று புறப்பட்டார் முருகானந்தம். கால்பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர்ப் பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பினார். ரத்தம் உறைந்து போகாமலிருக்க அதில் மருந்தும் கலந்து கொண்டார். பையை இடுப்பில் கட்டி, குழாய் வைத்து, தாம் செய்த நாப்கினை அணிந்து கொண்டு நடந்தார், ஓடினார், சைக்கிள் மிதித்தார். பையை அவ்வப்போது அழுத்தி, எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்தார். தாங்கவில்லை. துணியெல்லாம் கறை. பொதுக் கிணற்றடியில் அதைத் துவைத்ததைக் கண்டவர்கள், மனுஷனுக்கு ஏதோ கெட்ட நோய் என்று பேசிக் கொண்டார்கள்.

ஆராய்ச்சி தொடங்கி ஒன்றரை ஆண்டில் மனைவி வீட்டை விட்டுப் போய் விட்டார். கல்லூரிப் பெண்களோடு பழகத்தான் இந்த வேஷம் என்று அவருக்குச் சந்தேகம். பின்னர் முருகானந்தம் உபயோகித்த நாப்கின்களைச் சேகரித்து வந்து வீட்டில் பரப்பி ஆராய்ந்தார். அதைப் பார்த்த தாயாரும் மூட்டை கட்டிக் கொண்டு கிளம்பி விட்டார். பேய் பிடித்திருக்கிறது என்று ஊரார் முடிவு கட்டி, அவர் ஊரை விட்டே போகும்படி ஆயிற்று. தியாகி என்று அவரைக் கொண்டாடுகிறவர்கள் அந்த இரண்டு பெண்களின் பக்கத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். எதற்காக இதெல்லாம் என்று விளங்காமல், நாலு பேர் சிரிப்பதை வாசலில் நின்று கேட்டவர்கள் அவர்கள்தானே?

சரி, பஞ்சு ஏன் தோற்றது? பஞ்சு ஈரத்தை உறிஞ்சும். ஆனால் அழுத்தினால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து விடும். பெரிய கம்பெனிகளின் நாப்கினுக்குள் இருந்தது பருத்திப் பஞ்சே அல்ல. பைன் மரத்திலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் நார் அது. ஈரத்தை வாங்கித் தன்னிடமே வைத்துக் கொள்ளும், உருவமும் குலையாது. இந்த ஒரு ரகசியத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு ஆண்டு மூன்று மாதம் ஆயிற்று. அயல்நாட்டுக் கம்பெனிகளுக்கு எழுதியும் போன் செய்தும், தம்மை ஒரு மில் முதலாளி போலக் காட்டிக் கொண்டும் மாதிரி கேட்டார். வந்து சேர்ந்தது அட்டை போன்ற ஒரு பலகை. அதைக் கிழித்துப் பார்த்த போதுதான் விடை கிடைத்தது.

மர யந்திரம்

விடை கிடைத்ததும் இன்னொரு மலை எதிரே நின்றது. அந்தப் பலகையை நாராக்கி நாப்கின் செய்கிற யந்திரங்கள் கோடிக்கணக்கில் விலை. பட்டறைக்காரரான முருகானந்தம் அந்தக் கோடிக்குள் என்னதான் நடக்கிறது என்று பிரித்துப் பார்த்தார். நாலே நாலு வேலை! பலகையைப் பஞ்சு போல உதிர்ப்பது. உதிர்த்ததை வடிவமாக அழுத்துவது. மேலே மெல்லிய உறை போடுவது. புற ஊதாக் கதிரில் கிருமி போக்குவது. உதிர்க்கிற வேலைக்கு வீட்டு மிக்ஸி போன்ற ஓர் அமைப்பே போதுமானதாக இருந்தது. அழுத்துவதற்குக் காலால் மிதிக்கும் கட்டை. தறியில் மிதி மிதித்த குடும்பத்தின் பிள்ளைக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா!

ஆரம்பத்தில் இருந்து கணக்குப் போட்டால் இதற்கெல்லாம் நாலரை ஆண்டு. முதல் யந்திரத்தில் பெரும்பகுதி மரம். 2006-ல் அதைச் சென்னை ஐ.ஐ.டி.யில் காட்டினார். மர யந்திரத்தைக் கண்டு அங்கிருந்தவர்களுக்கு முதலில் சந்தேகமே எழுந்தது. ஆயினும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் பரிசுக்கு அதை அவர்களே பதிவு செய்து விட்டார்கள், பரிசும் கிடைத்தது. பத்திரிகைகளில் பெயர் வந்தது. ஐந்தரை ஆண்டு கழித்து மனைவியின் டெலிபோன் வந்தது. 2016-ல் பத்மஸ்ரீ பட்டமும், 2018-ல் அவர் கதையைத் தழுவிய ‘பேட்மேன்’ என்ற ஹிந்தித் திரைப்படமும் வந்தன.

பெயர் கிடைத்த பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கதையில் எல்லாவற்றிலும் சாமர்த்தியமான காரியம். காப்புரிமையைப் பணக்காரர்களுக்கு விற்றுக் கோடி சேர்த்திருக்கலாம். யந்திரத்தைப் பெரிதாக்கி, மின்சார விசைகளைப் பொருத்தி, ஒரே ஆலையில் லட்சக்கணக்கில் தயாரித்திருக்கலாம். அவர் யந்திரத்தைச் சின்னதாகவே வைத்துக் கொண்டார். ஒரு லட்ச ரூபாய்க்குள் விலை; கிராமத்துப் பெண்கள் சில மணி நேரத்தில் பழகிக் கொண்டு, கோளாறு வந்தால் தாங்களே பழுது பார்க்கத்தக்க எளிய அமைப்பு. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு அதை விற்றார். பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் என்று ஒவ்வோர் ஊராகப் போனார். ஆண் ஒருவன் இந்தப் பேச்சை எடுப்பதே அபசாரம் என்று கருதுகிற ஊர்களில், கணவன் அல்லது தகப்பனிடம் அனுமதி வாங்கி, திரைக்கு இந்தப் பக்கம் நின்று பேச வேண்டியிருந்தது. 2014 வாக்கில் 23 மாநிலங்களில் 1,300 கிராமங்களுக்கு யந்திரம் போய்ச் சேர்ந்திருந்தது.

முதலில் எங்கே தோற்றாரோ, அந்தச் சிக்கலும் இதனால் அவிழ்ந்து விட்டது. மருத்துவக் கல்லூரியில் கூச்சத்தால் மறைந்து போன வார்த்தை, செய்கிறவளும் வாங்குகிறவளும் ஒரே தெருக்காரிகளாக ஆன பிறகு தானாக வெளியே வந்தது. கனம் போதவில்லை, ஓரம் உறுத்துகிறது என்று சொல்லத் தாளும் பேனாவும் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு குழுவும் தன் சரக்குக்குத் தானே ஒரு பெயர் சூட்டிக் கொண்டது. வீட்டுக்கு வீடு போய், அணிவது எப்படி என்று சொல்லியும் கொடுத்தார்கள். கையில் காசில்லாத பெண்கள் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கொடுத்து வாங்கிப் போனார்கள்.